டிகிரி தேவையில்லை என்னும் அந்த நான்கு வரி விளம்பரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கத்தில் கடந்த மூன்று வாரங்களாக ஒரு விளம்பரம் தொடர்ந்து வருகிறது. "வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை. டிகிரி தேவையில்லை. 120 மணி நேரப் பயிற்சி. 100% பிளேஸ்மென்ட்" என்று நான்கு வரி, அதன் கீழே ஒரு கைபேசி எண். முகவரி இல்லை, பதிவு எண் இல்லை, எந்த நாடு என்றும் இல்லை. ஏறக்குறைய இதே வாசகங்களைக் கொண்ட ஒரு விளம்பரத்தை நம்பிச் சென்று திரும்பிய ஓர் இளைஞனை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இடம் கருதித் தாங்கள் சுருக்க நேர்ந்தால், என் அனுபவத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். விசா விதிகளைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது பெரம்பூரில் என் வீட்டு முன்னறையில் மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறேன். நான் சொல்லும் இளைஞன் பள்ளியில் என்னிடம் படித்தவன். பின்னாளில் இந்த மாலை வகுப்பில் எனக்கு உதவியாகவும் இருந்தவன். பொறியியல் சேர்ந்து நான்கு ஆண்டுகளும் கல்லூரிக்குப் போனான். மூன்று பாடங்களில் அரியர் விழுந்து நின்றுவிட்டது. அந்த மூன்றில் ஒன்று, பொறியியல் படித்த எவரும் பெருமூச்சுவிடாமல் உச்சரிக்காத எம்-த்ரீ என்னும் கணிதத் தாள். டிகிரி கைக்கு வராத நிலையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டரில் இரவுப் பணிக்குச் சேர்ந்தான். மூன்று ஆண்டுகள் அமெரிக்க வாடிக்கையாளர்களின் திட்டுகளைப் பொறுமையாகக் கேட்டுப் பதில் சொன்னதில் அவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிடச் சரளமாகிவிட்டது. இதை அடக்கத்திற்காகச் சொல்லவில்லை.

தெருவுக்குத் தெரு கல்லூரி இருக்கும் இந்த ஊரில் டிகிரி இல்லாதவர் யார் என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூவோடு நின்றவர்கள் அல்லர். படிப்பை முடித்துவிட்டதாக ஊரார் நினைத்துக்கொண்டிருக்க, இரண்டோ மூன்றோ தாள்கள் நின்றுபோனதால் பட்டச் சான்றிதழ் இல்லாதவர்கள் அவர்கள். அவர்களுடைய வீட்டில்கூடப் பல நேரம் அந்த விவரம் தெரியாது. வெட்கத்தோடு மறைத்துவைத்த இந்த ரகசியத்தின்மீதுதான் "டிகிரி தேவையில்லை" என்ற இரண்டு சொற்கள் போய் அமர்கின்றன.

விளம்பரத்தைப் பார்த்து அவன் போன கன்சல்டன்சி நகரின் மேற்குப் பகுதியில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. "கோர்ஸ் கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட் இருந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி தரும் அந்தத் தாள், மாணவன் நான்கு ஆண்டுகள் அங்கே படித்தான் என்பதற்கு மட்டுமே சாட்சி. பட்டம் பெற்றான் என்பதற்கு அன்று. இந்த வேறுபாடு அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கட்டணம் ரூ.1,60,000. அவனுடைய சேமிப்பு பாதி, அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்தது மீதி. அவர்கள் கொடுத்த ரசீதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். "டெஃபல் பயிற்சி மற்றும் வழிகாட்டுதல் கட்டணம்" என்று அச்சிட்டிருந்தது. டெஃபல் என்பது ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கான பயிற்சி. வேலை என்ற சொல்லோ, நாட்டின் பெயரோ, விசா என்ற சொல்லோ அந்தத் தாளில் எங்கும் இல்லை. வாயால் சொன்னது வேறு, தாளில் எழுதியது வேறு என்பது, திரும்பி வந்த பிறகு புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. பயிற்சிக்குப் பணம் வாங்கினார்கள், பயிற்சியும் கொடுத்துவிட்டார்களே என்று சொல்லி, வழக்குப் பதியாமல், சி.எஸ்.ஆர். என்னும் புகார் ரசீதை மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 120 மணி நேரம் என்று சான்றிதழில் பொன்னிற முத்திரையோடு இருக்கிறது. அவன் அதைக் கைபேசியில், சோழிங்கநல்லூருக்குப் போகும் கம்பெனி வேனில் போகவர ஒன்பது நாட்களில் முடித்துவிட்டான். பாடக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, சரியான விடையைத் தொட வேண்டும். தவறினால் மறுபடியும் தொடலாம். ஒரு குழந்தையின் முன்னாலும் அவன் நிற்கவில்லை. அவன் பாடம் நடத்துவதை ஒருவரும் பார்க்கவில்லை. 120 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா என்ற பயிற்சியும் ஏறத்தாழ 120 மணி நேரம்தான். ஆனால் அதில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பயிற்றுநர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெழுதுவார். அனுபவம் உள்ள ஆசிரியர்களின் வகுப்புகளையும் ஆறு மணி நேரம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். செல்டாவில் சேரப் பட்டம் கட்டாயமில்லை. 18 வயதும், உயர்கல்வியில் சேரும் அளவுக்குப் படிப்பும், நல்ல ஆங்கிலமும் போதும். ஆகவே "டிகிரி தேவையில்லை" என்பது பயிற்சியைப் பொறுத்தவரை உண்மைதான். பயிற்சியில் சேர டிகிரி தேவையில்லை என்ற உண்மையை எடுத்து, வேலையில் சேர டிகிரி தேவையில்லை என்ற பொய்க்குச் சட்டையாக மாட்டிவிடுகிறார்கள். விஷயம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க யாரை அனுமதிப்பது என்பதை எந்தப் பயிற்சி நிறுவனமும் தீர்மானிப்பதில்லை, பள்ளியும் தீர்மானிப்பதில்லை. அந்த நாட்டின் குடிநுழைவுத் துறையும் தொழிலாளர் துறையும்தான் தீர்மானிக்கின்றன. அவர்களுக்கு ஒருவர் நன்றாகக் கற்பிப்பாரா என்பதை அளக்கக் கருவி இல்லை. பட்டம் இருந்தால் திறன் பெற்ற தொழிலாளர், இல்லையென்றால் சாதாரணத் தொழிலாளர் என்று ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறார்கள். உள்நாட்டவருக்கு உள்ள வேலையை வெளியார் பறிக்காமல் இருக்க அந்தக் கோடு அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கு உரிய ஈ-2 விசா, பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவை என்று அந்நாடு வரையறுத்த ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே, அதுவும் பட்டம் பெற்றவர்களுக்கே. 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய - கொரியப் பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்களுக்கு ஒரு சிறு வாசலைத் திறந்தது. பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம். அதற்கும் பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சிச் சான்றும் வேண்டும். ஜப்பான் அரசு 1987 முதல் நடத்திவரும் ஜெட் திட்டத்தில் இளநிலைப் பட்டம் கட்டாயம். சீனாவில் பட்டம், இரண்டு ஆண்டு அனுபவம் அல்லது அதற்கு ஈடான பயிற்சிச் சான்று ஆகியவற்றோடு, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டின் கடவுச்சீட்டையும் கேட்கிறார்கள். வியட்நாமில் பணி அனுமதி பெறப் பட்டமும் கற்பித்தல் சான்றும் சேர்ந்தே வேண்டும். தாய்லாந்தில் ஆசிரியர் கவுன்சிலான குருசபாவின் உரிமம் வேண்டும். கல்வியியல் படிக்காதவர்களுக்குத் தற்காலிக அனுமதி தருகிறார்கள் என்றாலும், ஏதாவது ஒரு துறையில் பட்டம் இருந்தாக வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத நாட்டவர் டோயிக் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும். வளைகுடா நாடுகளின் பள்ளிகளைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சான்றொப்பமிட்ட பட்டம் இல்லாமல் ஆசிரியர் விசா பற்றிப் பேச்சே இல்லை.

ஒருவர் நம் ஊரில் பிறந்து, எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்து, ஆங்கிலத்தில் சம்பாதித்து, ஆங்கிலத்தில் கனவு கண்டாலும் "நேட்டிவ்" ஆக மாட்டார் என்பது எனக்கும் எரிச்சலூட்டும் விதிதான். நம்மவர்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தே வயதான எனக்கு அதைப் பற்றி எழுத நிறைய உண்டு. ஆனால் விமான நிலைய கவுன்டரில் நிற்கும் பையனுக்கு என் எரிச்சல் உதவப்போவதில்லை.

அவனை அனுப்பியது தாய்லாந்துக்கு. 2023 நவம்பரில் அந்நாடு இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தது. 30 நாள் சுற்றுலாப் பயணியாக விசா இல்லாமலே போகலாம் என்று ஆனது. சுற்றுலாவுக்கு நல்ல செய்தி. கன்சல்டன்சிகளுக்கோ தங்கச் சுரங்கம். முன்பென்றால் இத்தனை நாள் தங்கத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், என்ன வேலை என்று ஒருவராவது கேட்பார்; அதன் பிறகு விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்தால் போதும் என்றாயிற்று. 2024 ஜனவரியில் அவன் கிளம்பினான். "முதலில் போய்ச் சேருங்கள், விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த வாக்கியத்தை வேறு சிலரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன்; சொல் மாறாமல் அப்படியே இருக்கிறது.

பாங்காக்கிலிருந்து நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு சிற்றூர். பள்ளி என்று சொன்னது, குழந்தைகளுக்கான ஒரு டியூஷன் சென்டர். பேசிய சம்பளம் மாதம் 28,000 பாட். கையில் கொடுத்தது 15,000, அதுவும் உறையில் வைத்து. பணி அனுமதிக்கு அடுத்த வாரம் மனுச் செய்வோம் என்று வாரங்கள் ஓடின. முதல் 30 நாள் முடிந்தபோது குடிநுழைவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி இன்னும் 30 நாள் நீட்டிக்கொண்டான். அதுவும் முடிந்த பிறகு, எல்லையைத் தாண்டிப் போய் முத்திரை குத்திக்கொண்டு வா என்றார்கள். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் சரியானதைச் செய்யாமல், எதுவுமே செய்யாமல் இருந்துவிட்டான். தாய்லாந்தில் அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாட் தண்டம்; உச்ச வரம்பு 20,000 பாட். தாமாக வந்து ஒப்புக்கொண்டு கட்டினால் அதோடு போகும்; ஆனால் 90 நாளைத் தாண்டிவிட்டால், தாமாக வந்தாலும் ஓராண்டு நுழைவுத் தடை உண்டு. வழியில் காவலரிடம் பிடிபட்டாலோ, ஓராண்டுக்கும் குறைவாகக் கூடுதலாய்த் தங்கியவருக்கே ஐந்து ஆண்டுத் தடை. பணி அனுமதி இல்லாமல் வேலை செய்ததற்குத் தனியே 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடு கடத்தலும் இருக்கின்றன. 23 நாட்கள் கூடுதலாகத் தங்கியதற்கு விமான நிலையத்தில் 11,500 பாட் எண்ணி வைத்துவிட்டு அவன் ஊர் வந்து சேர்ந்தான். அந்தப் பணத்தையும் அம்மாதான் அனுப்பினார்.

அங்கே அவன் கற்பித்ததைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பிள்ளைகள் "ஸ்கூல்" என்ற சொல்லை "இஸ்கூல்" என்று முன்னால் ஒரு இகரம் போட்டுச் சொல்வார்கள். தாய்லாந்துக் குழந்தைகள் நடுவில் ஓர் அகரத்தை நுழைத்து "சகூன்" என்பார்களாம். இறுதி லகரம் அவர்கள் வாயில் னகரமாகிவிடுமாம். இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து வரும்போது நமக்கு நாக்கு இடறுவதைப் போலவே அவர்களுக்கும் இடறுகிறது, இடறும் இடம்தான் வேறு என்று கண்டுபிடித்து, முதலில் பாம்பு போல "ஸ்ஸ்ஸ்" என்று சீறச் சொல்லி, சீற்றம் நிற்பதற்குள் "கூல்" சொல்ல வைத்தானாம். நாங்கள் பெரம்பூரில் என் முன்னறையில் செய்யும் அதே வித்தை. பத்து நாளில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது என்று சொன்னபோது அவன் முகத்தில் இருந்ததை, ஆசிரியராக வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அவனுக்குத் திறமை இல்லை என்பதல்ல என் வாதம். திறமை உள்ளவனைச் சட்டத்துக்குப் புறம்பானவனாக்கி ஓர் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள் என்பதுதான்.

அவனுக்கு நேர்ந்தது குறைந்த கேடு. பட்டம் இல்லாதவர்களையும் ஆங்கில வகுப்புகளுக்குச் சேர்த்துக்கொள்ளும் நாடு என்று கம்போடியாவைச் சொல்வார்கள். அப்படிச் சில தனியார் பள்ளிகள் நெடுங்காலமாக இருந்துவந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதே கம்போடியாவும், மியான்மர், லாவோஸ் எல்லைப் பகுதிகளும்தான் இணைய மோசடிக் கூடங்களுக்கு ஆள் பிடிக்கும் இடங்களாகவும் ஆகியிருக்கின்றன. நல்ல ஆங்கிலமும் கணினிப் பழக்கமும் உள்ள, வேலை தேடும் இந்திய இளைஞர்தான் அந்தக் கூடங்களுக்குத் தேவைப்படுகிறார். ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்பவரும் அவரே. 2022 செப்டம்பரில், தாய்லாந்தில் நல்ல வேலை என்று ஆசை காட்டி மியான்மருக்குள் கடத்திச் செல்கிறார்கள் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அக்டோபரில், மியான்மரின் எல்லை ஊரான மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கியதைத் தங்கள் நாளிதழும் வெளியிட்டிருக்கும். ஆகவே கம்போடியாவுக்கு அழைப்பு வந்தால், பள்ளியின் பெயரையும் முகவரியையும் வாங்கி, அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்ட பிறகே பெட்டியைக் கட்ட வேண்டும்.

அரசின் பாதுகாப்பு வளையம் இவர்களை ஏன் பிடிப்பதில்லை என்பதையும் யோசித்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில்தான் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்தச் சோதனை கிடையாது. படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பில் எழுந்த ஏற்பாடு அது. கொத்தனார் வேலைக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி படித்துப் பார்க்கிறார். ஆங்கில ஆசிரியர் வேலைக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தை அவரைத் தவிர ஒருவரும் படிப்பதில்லை. இவன் விஷயத்தில் படிக்க ஒப்பந்தமே இருக்கவில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும், அந்த உரிம எண்ணை அலுவலகத்திலும் விளம்பரங்களிலும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும், வேலை தேடுபவரிடம் ரூ.30,000-மும் அதற்குரிய 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ரூ.35,400-க்கு மேல் வாங்கக் கூடாது என்று வெளியுறவு அமைச்சகம் பலமுறை அறிவித்திருக்கிறது. பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. இந்தப் பையன் கொடுத்தது அந்த வரம்பைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஆனால் "பயிற்சிக் கட்டணம்" என்ற பெயரில் வாங்கிய பணத்தை எந்த வரம்பும் தொடுவதில்லை. ரசீதில் வேலை என்ற சொல் இல்லாததன் காரணம் இதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அப்படியானால் டிகிரி இல்லாதவர் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். என் மாலை வகுப்பில் நான் சொல்வதையே எழுதுகிறேன். அரியர் வைத்திருப்பவர்கள் முதலில் அந்தத் தாள்களை எழுதி முடிக்கட்டும். அண்ணா பல்கலைக்கழகம் காலக்கெடு தாண்டிய பழைய மாணவர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அளித்துவந்திருக்கிறது; அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை லட்சம் ரூபாய் கன்சல்டன்சிக்குப் போனதற்குப் பதிலாக அதில் ஒரு சிறு பகுதி நல்ல ஒரு மேத்ஸ் டியூஷனுக்குப் போயிருந்தால், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. கல்லூரிப் பக்கமே போகாதவர்களுக்கு இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் இருக்கிறது. இரவுப் பணியில் இருந்துகொண்டே மூன்று ஆண்டுகளில் பி.ஏ. ஆங்கிலம் முடிக்கலாம், மொத்தச் செலவும் கன்சல்டன்சி கேட்கும் தொகையின் பக்கத்தில் வராது. ஆனால் தொலைநிலைப் பட்டத்தை ஏற்பதில் தயக்கம் காட்டும் நாடுகளும் இருப்பதால், எந்த நாட்டுக்குப் போக நினைக்கிறோமோ அந்நாட்டின் விதியை முதலில் பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது. வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய தேதியிட்ட பட்டத்தை ஆறு மாதத்தில் வாங்கித்தருகிறோம் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவே வெளியிடுகிறது, போலிப் பட்டத்தோடு வெளிநாட்டில் பிடிபட்டால் அது சிறை வரை போகும்.

பட்டம் வந்த பிறகும் ஒரு தொல்லை உண்டு, நம்மவர்களுக்கே உரியது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கும். பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். சான்றிதழை மாநில அரசு சரிபார்த்து, பிறகு வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் என்னும், வெளிநாடுகள் ஏற்கும் சான்று முத்திரையை இட வேண்டும் என்ற கட்டத்தில் இந்த மூன்று பெயர்களும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். இந்தியா இந்த முறையில் 2005-இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் நம் இனிஷியல் எங்கே நிற்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. பெயரை ஒழுங்குபடுத்தும் வேலையைப் படிக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

சென்னையிலிருந்தபடியே இணையத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்பிக்கலாமே என்றும் கேட்கிறார்கள். விசா தேவையில்லை என்பதால் அதில் ஆபத்து குறைவு. ஆனால் 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷனுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்து, வெளிநாட்டில் இருப்பவர்களைக் கொண்டு பாடம் நடத்துவதையும் தடுத்த பிறகு அந்தச் சந்தை சுருங்கிவிட்டது. அனுபவம் சேர்க்க ஏற்ற வழி. அதை நம்பி வேலையை விடுவதற்கில்லை.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. வெளிநாட்டு வேலை என்று வரும் வரி விளம்பரம் எதுவாயினும், பயிற்சி என்ற போர்வையில் வந்தாலும், "பிளேஸ்மென்ட்" என்ற சொல் இருந்தால் முகவரின் உரிம எண் இல்லாமல் அதை ஏற்பதில்லை என்று தங்கள் விளம்பரப் பிரிவு ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு வரிக்கு வரும் வருமானம் தங்களுக்குப் பெரிதாக இருக்காது என்று நம்புகிறேன். இரண்டாவது, தமிழ்நாடு அரசுக்கு. 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. செவிலியர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் முறையாக அனுப்பிவருகிறது. அங்கேயோ அயலகத் தமிழர் நலத்துறையிலோ, ஆசிரியர் வேலை தேடுபவர்களுக்காக, நாடு வாரியாக என்ன தகுதி வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, கல்லூரிகளுக்கும் கால் சென்டர்கள் நிறைந்த பகுதிகளுக்கும் அனுப்பலாம். அந்தத் தாளின் முதல் வரியில், சுற்றுலாப் பயணியாக நுழைந்து வேலை செய்வது குற்றம் என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

பையனின் அம்மா ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "டீச்சரம்மா, அவன் போறப்ப உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனான், நீங்க ஒரு வார்த்தை தடுத்திருக்கலாமே" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவன் சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்கு அப்போது குருசபாவும் தெரியாது, ரூ.30,000 வரம்பும் தெரியாது. நல்ல ஆங்கிலம் பேசும் பிள்ளை, நன்றாக இருப்பான் என்று வாழ்த்தி, வழிக்கு முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்தனுப்பினேன். இந்தக் கடிதத்தில் உள்ள விவரங்கள் எல்லாம் அவன் திரும்பி வந்த பிறகு நான் தேடிப் படித்தவை.

அவன் மீண்டும் இரவுப் பணிக்குப் போகிறான். அந்த விளம்பரத்தின் நறுக்கையும், அவனிடம் கொடுத்த ரசீதின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அவன் பெயரையும் கன்சல்டன்சியின் பெயரையும் மை போட்டு மறைத்திருக்கிறேன். மூல ரசீது என்னிடம் இருக்கிறது. தங்கள் செய்தியாளர் எவரேனும் பார்க்க விரும்பினால், மாலை ஐந்து மணிக்கு வகுப்புத் தொடங்கும் முன் வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.